கன்சீலர் கோடு கோடாக வெடிக்கிறதா?

கேள்வி: கருவளையம் மறைய பிரஷ்ஷால் கன்சீலர் (கறை மறைக்கும் பூச்சு) போடுகிறேன். கல்யாண மண்டபம் போய்ச் சேர்வதற்குள் கண்ணுக்குக் கீழே கோடு விழுந்துவிடுகிறது. எந்த பிரஷ் வாங்கலாம்? – வாசகி, தக்கலை.

பதில்: பிரஷ்ஷை மட்டும் குறை சொல்ல முடியாது, அளவும் கூடியிருக்கும். ஒரு கண்ணுக்கு ஓர் அரிசிமணி அளவு தாராளம்.

கிரீம், திரவக் கன்சீலருக்கு நைலான் போன்ற செயற்கை இழைதான் சரி. இயற்கை முடி பாதியைக் குடித்துவிடும். பருத் தழும்புக்குத் தட்டையான, நுனி ஒடுங்கிய சின்ன பிரஷ். கண்ணடிக்கு விரல்நுனி அகலத்தில், தலை உருண்ட மெத்தென்ற பிரஷ். கடையில் புறங்கையில் அழுத்திப் பாருங்கள். குத்தக் கூடாது, வளைந்த இழை உடனே நிமிர வேண்டும். மெல்ல இழுத்ததுமே இழை கையோடு வந்தால் வாங்காதீர்கள்.

மாய்ஸ்சரைசர் தடவி 3 நிமிடம் விடுங்கள். கன்சீலரைப் புறங்கையில் வைத்து பிரஷ்ஷால் தொட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். இழுத்துத் தேய்த்தால் அடியில் போட்ட ஃபவுண்டேஷனும் (முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சு) பெயர்ந்து வரும். மேலே துளி பவுடர். நம்மூர் கடல்காற்றுப் பிசுபிசுப்புக்கு அது வேண்டும்.

பிரஷ்ஷை வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டு, நுனி கீழே இருக்கும்படி அலசுங்கள். இழையைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் தண்ணீர் இறங்கினால் பசை இளகி இழை உதிரும். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்ற நம் குமரி மாவட்டத்தில், ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை வாடைதான். மேசை விளிம்பில் தலை வெளியே நீட்டியபடி படுக்கவைத்து, இரவு முழுக்க ஃபேன் காற்றில் விடுங்கள்.