பிராங்கன்ஸ்டைன்: ஒளியைத் தேடும் கைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் தளத்தில் படித்துவிட்டு, 1931இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ 70 நிமிடப் படத்தில் ஓரிடத்திலும் பயம் வரவில்லை. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு விஞ்ஞானி ஒருவன் உருவாக்கும் அரக்கனுக்குப் பொருத்தப்பட்டது ஒரு குற்றவாளியின் மூளை என்று முன்பே தெரிந்துவிடுவதால், அவன் கொலை செய்வதிலும் வியப்பில்லை. இதை ஏன் இன்னும் கொண்டாடுகிறோம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பயம் வராதது உங்கள் குறையன்று. படம் தொடங்குமுன் ஒருவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து பார்வையாளர்களை எச்சரிக்கிறாரே, அந்த எச்சரிக்கைக்கு இன்று வேலையில்லை. ஆனால் மூளையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்ல மூளை இருந்த சாடியை உதவியாளன் தவறவிட்டு உடைத்து, பக்கத்திலிருந்த குற்றவாளியின் மூளையை எடுத்து வருவது திரைக்கதையில் சேர்க்கப்பட்டது. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலில் அது இல்லை. நாவலில் அந்த உயிர் பேசக் கற்கிறது, ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது, தன் துயரைத் தானே எடுத்துரைக்கிறது. படம் அதன் பேச்சைப் பறித்துவிட்டு, பிறவியிலேயே கெட்டவன் என்றொரு எளிய காரணத்தையும் கொடுத்துவிட்டது. இது படத்தின் பெரிய பலவீனம் என்றே கருதுகிறேன். அந்தக் காரணத்தைப் பொய்யாக்கியவர் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃப்.

ஆய்வுக்கூடத்தின் கூரைக் கதவு திறக்கும் காட்சியை மீண்டும் பாருங்கள். இருட்டிலேயே வைக்கப்பட்டிருந்தவன்மீது முதன்முறையாக வெளிச்சம் விழுகிறது. அவன் மெல்ல எழுந்து, முகத்தை உயர்த்தி, கையில் பிடித்துவிடலாம் என்பதுபோல் ஒளியை நோக்கி இரு கைகளையும் நீட்டுகிறான். கூரை மூடப்படுகிறது. கைகள் இறங்கி, தன்னைப் படைத்தவனிடம் எதையோ கேட்பவைபோல விரிகின்றன. சற்று நேரத்தில் உதவியாளன் தீவட்டியோடு வர, அவன் மிரள்கிறான். அந்த மிரட்சியை வெறி என்று எண்ணி அவனைச் சங்கிலியால் பிணைக்கிறார்கள். முதல் கொலை நடப்பது, அந்த உதவியாளன் சாட்டையாலும் தீயாலும் அவனை வதைத்த பிறகுதான். இதில் குற்றவாளியின் மூளைக்கு என்ன வேலை?

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் தட்டையான மண்டையையும் கழுத்தில் மின்முனைகளையும் வைத்தார். கண்ணிமைகளில் மெழுகு பூசினார். கார்லாஃப் தன் பொய்ப்பல்லைக் கழற்றிக் கன்னத்தை ஒட்டவைத்தார். அத்தனை பூச்சுக்குள்ளிருந்தும் ஒரு குழந்தையின் திகைப்பு வெளியே தெரிகிறது. தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயருக்குப் பதில் வெறும் கேள்விக்குறிதான் இருந்தது.

ஏரிக்கரைக் காட்சியையும் சொல்ல வேண்டும். சிறுமி மரியா அவனுக்குப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் அவற்றை நீரில் மிதக்கவிடுகிறார்கள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கி நீரில் எறிகிறான். அவள் மூழ்கியதும் செய்வதறியாமல் தடுமாறி ஓடுகிறான். கொடூரம் என்று சொல்லி இதன் பிற்பகுதியை வெட்டியிருந்தார்கள். அவன் அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முறிந்து, அடுத்துத் தந்தை அவள் உடலை ஏந்தி வந்தால் பார்ப்பவர் மனம் எங்கே போகும்? ஒரு பேதையின் பிழையைக் கத்தரிக்கோல் மிகக் கேவலமான குற்றமாக மாற்றிவிட்டது. வெட்டிய பகுதி 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது.

பின்வந்த அரக்கப் படங்கள் பலவும் கனத்த காலணியையும் தட்டைத் தலையையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கைகளை விட்டுவிட்டன. இயக்குநர் ஜேம்ஸ் வேல் மட்டும் 1935இல் தானே எடுத்த தொடர்ச்சியில், கண்தெரியாத ஒரு முதியவர் மூலம் அவனுக்குச் சில சொற்களைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்பெயின் இயக்குநர் விக்டர் எரிசே 1973இல் எடுத்த படமொன்றில், கிராமத்துச் சிறுமி ஆனா இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் அக்காவிடம் கேட்கிறாள்: அவன் ஏன் அவளைக் கொன்றான், அவனை ஏன் கொன்றார்கள்? அவளுடைய இரண்டாவது கேள்வியோடு இன்னொரு முறை படத்தைப் பாருங்கள்.