கேசிங்குக்குள் இரைச்சல்: கணினிக் காற்றாடி வாங்கும் முன்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வந்த கேள்விகளில் கணினியின் சூடும் சத்தமும் பற்றியவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏர்கோன் இல்லை. மகன் மேசைக் கணினியில் விளையாட உட்கார்ந்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம். கடையில் கேட்டால், "இன்னும் மூணு காத்தாடி போடுங்க" என்கிறார்கள். நல்லதாக எதை வாங்குவது?

பதில்: காசை எடுக்கும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும்.

கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, சமையலறைப் பேப்பர் சுருளின் வெற்றுக் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொரு காற்றாடியாகக் கேளுங்கள். 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் மட்டும் வந்தால், அது வேகம் கூடியதால் வருவது. வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். 'கரகர', 'டிக் டிக்' என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் கேசிங் தகட்டைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் குற்றம் காற்றாடியில் இல்லை, தகடு அதிர்கிறது. திருகாணியை இறுக்குவதும், மேசைக்கும் கேசிங்குக்கும் நடுவே ரப்பர் வைப்பதும் அதற்கு மருந்து.

அடுத்த சோதனை இதைவிட முக்கியம். தகடு மூடியபடி 20 நிமிடம் விளையாடச் சொல்லி, சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு இரண்டின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தகட்டைத் திறந்துவைத்து இன்னொரு 20 நிமிடம். திறந்ததும் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால், கேசிங்குக்குள் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது கடைக்காரர் சொல்வது சரி. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால், எத்தனை காற்றாடி மாட்டினாலும் வீண். சிபியு மேலிருக்கும் குளிர்விப்பானில் தூசி அடைத்திருக்கும், அல்லது அதன் அடியில் பூசிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிது வைத்து மூடினாலே நிலைமை மாறும்.

ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்: காற்றாடி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. காணொளிகளில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய அறைகளில் நடப்பவை. பிற்பகல் மூன்று மணிக்கு நம் வீட்டு முன்னறை 32 டிகிரி. அவர்கள் காட்டும் 68 நமக்கு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பழுது அல்ல. இன்றைய சிபியுக்கள் பல 90 முதல் 100 டிகிரி வரை தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. 80-ஐப் பார்த்துப் பயந்து எல்லாக் காற்றாடிகளையும் முழு வேகத்தில் விடுவதால்தான் பாதி வீடுகளில் இந்த இரைச்சல்.

எவ்வளவு காற்று தேவை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கணினி இழுக்கும் வாட்டை 1.76-ஆல் பெருக்கி, அறையைவிட உள்ளே எத்தனை டிகிரி கூடினால் பரவாயில்லையோ அந்த எண்ணால் வகுத்தால் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது வரும். 300 வாட் கணினி, 10 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 53 சிஎஃப்எம். காற்றாடிப் பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் தடையே இல்லாத வெளியில் அளந்தது. தூசி வலையும் முன்தகடும் குறுக்கே வந்தால் அது பாதியாகக்கூடக் குறையும். ஆகவே முன்னால் இரண்டு காற்றாடி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அடுக்க வேண்டியதில்லை.

"காற்றாடி கூடினால் சத்தமும் கூடாதா?" என்று கேட்கலாம். ஒரே சத்தமுள்ள இரண்டை ஒன்றாக ஓட்டினால் 3 டெசிபல்தான் கூடும். ஒரே காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினாலோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஒன்றுக்குப் பதில் 750 சுற்றில் இரண்டு ஓடினால், தடையில்லாத இடத்தில் காற்று அதே அளவு, சத்தம் சுமார் 12 டெசிபல் குறைவு. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குப் பாதியாகத் தோன்றும். கடைக்காரர் கூடுதலாகப் போடச் சொன்னதில் தப்பில்லை. போட்டுவிட்டு வேகத்தைக் குறைக்காமல் விடுவதுதான் தப்பு.

இனி வாங்குவது. முதலில் அளவு. கேசிங்கில் திருகாணித் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 105 மி.மீ. என்றால் 120 காற்றாடி. 124.5 என்றால் 140. 82.5 என்றால் 92. 140 போக இடமிருந்தால் அதையே போடுங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். தடிமன் 25 மி.மீ. இருக்கட்டும். 15 மி.மீ. ஒல்லி வகை, வேறு வழியே இல்லாத சின்னக் கேசிங்குக்கு மட்டும்.

பிளக்கில் நான்கு துளை இருப்பதை வாங்குங்கள். நான்காவது வயர்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம். முன்னால் தூசி வலை இருந்தால், காற்றாடி காற்றைத் தள்ளும் அழுத்தம் (பெட்டியில் mmH2O என்று போட்டிருக்கும்) 1.5 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இல்லாத காற்றாடி வலைக்கு முன் நின்று வெறுமனே சுற்றும். டெசிபல் எண்ணை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது.

பேரிங் விஷயத்தில் நம் ஊர் வெப்பத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மலிவான ஸ்லீவ் வகையில் எண்ணெய் சூட்டில் சீக்கிரம் காய்ந்துபோகும். படுக்கை வாட்டில், அதாவது கேசிங்கின் மேற்கூரையில் மாட்டினால் இன்னும் வேகமாகத் தேயும். ஃபுளூயிட் டைனமிக் என்று போட்டிருப்பது நல்லது. பால் பேரிங் சூட்டைத் தாங்கும், ஆனால் மெதுவாக ஓடும்போது லேசான சலசலப்பு இருக்கும். படுக்கையறைக் கணினிக்கு அது வேண்டாம்.

பெயர் சொல்லிக் கேட்டால்: ஆஸ்திரியாவின் நோக்டுவா என்எஃப்-ஏ12×25 உயர்ந்த சரக்கு, விலையும் அப்படியே. வீட்டுக் கணினிக்கு ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி போதும் என்பதே எங்கள் கருத்து. 1,800 சுற்று வரை போகும், 56.3 சிஎஃப்எம், 2.2 மி.மீ. அழுத்தம். ஐந்து கொண்ட கட்டாகவும் வருகிறது. பிஎஸ்டி வகையில் ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகலாம் என்பதால் மதர்போர்டில் ஒரே பிளக் போதும். சில கேசிங்குகளில் நடு வேகத்தில் இது ரீங்காரமிடும். அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப்போகும்படி அமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெயரே தெரியாத காற்றாடியில் "1,200 சுற்று, 90 சிஎஃப்எம், 18 டெசிபல்" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். 1,800 சுற்றில் 56 தருவதையே நல்ல காற்றாடி என்கிறோம். 1,200-இல் 90 வருவதற்கு வழியில்லை.

கேள்வி: நல்ல காற்றாடி என்றுதான் வாங்கினேன். ஆனால் சும்மா இருக்கும்போதும் ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சத்தம் போடுகிறது. மற்றொன்று எப்போதும் முழு வேகத்திலேயே ஓடுகிறது.

பதில்: இரண்டும் அமைப்புக் கோளாறு, செலவே இல்லை.

முழு வேகத்தில் ஓடுவது மூன்று துளைப் பிளக் உள்ளதாக இருக்கும். மதர்போர்டு பிடபிள்யூஎம் முறையில் இருந்தால் அதற்கு எப்போதும் 12 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். கணினி தொடங்கும்போது டிலீட் (Del) அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், காற்றாடிப் பகுதியில் அந்தப் பிளக்கை மட்டும், வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள். ஏசுஸ் போர்டில் அந்தப் பகுதி கியூ-ஃபேன். ஜிகாபைட், எம்எஸ்ஐ போர்டுகளில் ஸ்மார்ட் ஃபேன்.

ஏறி இறங்குவதற்குக் காரணம் நம் வெயில். எந்தச் சூட்டில் காற்றாடி எவ்வளவு வேகம் ஓட வேண்டும் என்று போர்டோடு வரும் வேகக்கோடு பல சமயம் 40 டிகிரியிலேயே ஏறத் தொடங்கும். குளிர்நாட்டில் சிபியு சும்மா இருக்கும்போது 35. இங்கே 45, 50. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே சூடு துள்ளும், காற்றாடியும் சேர்ந்து துள்ளும். சிபியு காற்றாடிக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: 60 டிகிரி வரை 35 விழுக்காடு, 75-இல் 55, 85-இல் 80, 92-இல் முழு வேகம். உங்கள் சிபியு 90-லேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை என்றால் கடைசி இரண்டையும் ஐந்து டிகிரி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வேகம் ஏறுவதற்கான தாமதத்தை மூன்று முதல் ஐந்து விநாடியாக்குங்கள். கேசிங் காற்றாடிகள் 60 டிகிரி வரை 40 விழுக்காட்டில் நிலையாக ஓடட்டும். காதைத் தொந்தரவு செய்வது சத்தத்தைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான்.

கேள்வி: அலுவலகத்தில் கழித்த டெல் கணினியை மகளின் படிப்புக்காகச் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். காற்றாடி கரகரக்கிறது. கடையில் கிடைக்கும் எதையும் மாட்டலாமா?

பதில்: பிளக்கைப் பார்க்காமல் வாங்காதீர்கள். டெல், ஹெச்பி அலுவலகக் கணினிகளில் சில மாடல்களுக்கு ஐந்து முனை, ஆறு முனைப் பிளக் உண்டு. நான்கே இருந்தாலும் வயர் வரிசை மாறியிருக்கலாம். பொதுவான வரிசை எர்த், 12 வோல்ட், வேகம் சொல்லும் வயர், பிடபிள்யூஎம். காற்றாடி நடுவே ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள பார்ட் எண்ணைப் படமெடுத்து அதே எண்ணைத் தேடுவதுதான் பத்திரம். வேறு பொருந்தாக் காற்றாடி போட்டால், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் காற்றாடி இல்லை என்று நின்று எஃப்1 அழுத்தச் சொல்லும்.

பவர் சப்ளைக்குள் இருக்கும் காற்றாடி கரகரத்தால் அதைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கி நிற்கும். பவர் சப்ளையையே மாற்றுங்கள்.

கேள்வி: வண்ண விளக்குக் காற்றாடி வாங்கலாமா?

பதில்: விளக்கு சூட்டைக் குறைக்காது. ஆசையாக இருந்தால் வாங்கலாம். ஆனால் விளக்குப் பிளக் இரண்டு விதம்: மூன்று முனை உள்ளது 5 வோல்ட், நான்கு முனை உள்ளது 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12-இல் செருகினால் ஒரு நொடியில் கருகும், அதற்கு வாரண்டியும் கிடையாது. ஒரே பிளக்கில் பல காற்றாடியைப் பிரித்து மாட்டும்போது லேபிளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். வழக்கமான போர்டு பிளக் ஒரு ஆம்பியருக்கு மேல் தாங்காது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய காற்றாடி எட்டாம் மாதமே கெட்டுவிட்டது. விற்றவர் "ஒரு வாரம்தான் வாரண்டி" என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் நியாயமான தரத்தோடும் ஆயுளோடும் இருக்க வேண்டும். ரசீதில் "ஒரு வாரம்" என்று அச்சடித்துவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. இணைய வாங்கலுக்கும் சட்டம் பொருந்தும். சத்தத்தைக் காணொளியாக எடுத்து, ஆர்டர் விவரத்தோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்பி, 14 நாள் தவணை கொடுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

ஒரே ஒரு மலிவுக் காற்றாடிக்காக என்றால், கோரலுக்காக ஈப்போ வரை போய்வரும் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் பிடிப்பதும் கடினம். வாங்கும்போதே பொருள் எங்கிருந்து வருகிறது, மலேசியாவில் வாரண்டியைக் கவனிக்கும் முகவர் யார் என்ற இரண்டையும் கேட்டு, பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செம்மண் சாலை ஓரம் வீடு. மாதத்துக்கு ஒருமுறை தூசி அடைத்துவிடுகிறது. பல்லியும் உள்ளே போகிறது.

பதில்: உள்ளிழுக்கும் காற்று வெளித்தள்ளும் காற்றைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் காற்று வலை வழியாக மட்டும் நுழையும். இல்லையென்றால் இடுக்குகள் எல்லாம் தூசியை உறிஞ்சும். எந்தப் பக்கம் காற்று வெளிவருகிறது என்று தெரியாவிட்டால், லேபிளும் குறுக்குச் சட்டமும் உள்ள பக்கம் என்று நினைவில் வையுங்கள்.

வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் முற்றிலும் காயவைத்து மாட்டுங்கள். பக்கத்திலேயே சாம்பிராணி போடுவதையும், சமையல் புகை வரும் இடத்தில் கணினி வைப்பதையும் தவிருங்கள். அந்தப் பிசுக்கில் ஒட்டிய தூசி ஊதினாலும் போகாது. உள்ளே ஊதிச் சுத்தம் செய்யும்போது கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும், சுற்றும் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்கு அனுப்பவும் கூடும்.

பல்லிக்கு, பின்பக்கம் உபயோகிக்காத கார்டுத் துளைகளின் மூடித் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். செகண்ட்ஹேண்டு கணினிகளில் அவைதான் முதலில் காணாமல் போயிருக்கும். தகடு கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் கம்பிவலைத் துண்டு வேண்டாம், தவறி உள்ளே விழுந்தால் போர்டு கருகும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கொசுவலையை வெளிப்புறமாக ஒட்டுங்கள்.