மணலைக் கல்லாக்கும் பாக்டீரியா: வாசகர் கேள்விகள்

மார்த்தாண்டம் வாசகர்: கொப்பரைக் களத்தில் தேங்காய்த் தண்ணீர் தினமும் வீணாகிறது. அதில் இந்தப் பாக்டீரியாவை வளர்க்கலாமா?

அது மட்டும் போதாது. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற இந்தப் பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைவிடப் புரதம்தான் முக்கியம். தேங்காய்த் தண்ணீரில் அது மிகக் குறைவு. ஒரு நாள் வைத்தால் புளித்தும் போகும், இதற்கோ பி.எச். (புளிப்பு, கார அளவு) 9, அதாவது காரம் வேண்டும். உடைத்த அன்றே சோயா மாவோ ஈஸ்ட் கழிவோ கலந்து கொதிக்கவைத்து, ஆறியபின் யூரியா சேருங்கள். முதலில் ஒரு டம்ளர் மணலில் பாருங்கள். அது கல்லான பிறகு டிரம்மைப் பற்றி யோசிக்கலாம்.

தக்கலை வாசகி: பன்னீர் பிழிந்த நீர்?

சரிவரும். பால் ஆலைக் கழிவிலும் சோளம் ஊறவைத்த நீரிலும் ஆய்வுக்கூடங்களில் வளர்த்திருக்கிறார்கள். இதுவும் புளிப்பு என்பதால் பி.எச். பார்க்காமல் இறங்காதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: எல்லாம் போட்டேன், இறுகவில்லை. ஏன்?

"எல்லாம்" என்றால் எது? மணலா செம்மண்ணா, யூரியா எத்தனை கிராம் என்று எதுவுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? செம்மண் என்றால், 2, 3 மைக்ரான் நீளப் பாக்டீரியா களியின் இடுக்கில் நுழையாது. மணல் என்றால், கால்சியம் போட்டீர்களா? கழிவுநீர் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். யூரியாவிலிருந்து வரும் கார்பனேட்டோடு கால்சியம் சேர்ந்தால்தான் மணலை ஒட்டவைக்கும் கால்சைட் (சுண்ணாம்புக் கல்) உண்டாகும்.

கருங்கல் வாசகி: கால்சியத்துக்கு முட்டை ஓடு உதவுமா?

இடித்து அப்படியே போட்டால் கரையாது. வினிகரில் கரைத்தால் கால்சியம் அசிடேட் கிடைக்கும், அது நல்லது.

குளச்சல் வாசகர்: மொட்டைமாடி வெடிப்பில் ஊற்றலாமா?

கால்சியம் குளோரைடு கலந்ததை ஊற்றவே கூடாது, குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்காற்றிலேயே கம்பி துருப்பிடிக்கும் ஊர் உங்களுடையது. நெதர்லாந்தில் நுண்ணுயிரியலாளர் ஹெங்க் ஜோங்கர்ஸ், வெடிப்பைத் தானே அடைத்துக்கொள்ளும் கான்கிரீட்டுக்குக் கால்சியம் லாக்டேட்டைத்தான் எடுத்துக்கொண்டார். கம்பி வெளியே தெரிந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

முட்டம் வாசகர்: மீன் கழுவிய தண்ணீரில் வளர்த்துக் கல் செய்துவிட்டோம். வடியும் நீரை ஓடையில் விடலாம்தானே?

கூடவே கூடாது. கல் வந்த சந்தோஷத்தில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1 கிலோ யூரியா முழுதும் சிதைந்தால் ஏறக்குறைய 1.7 கிலோ கால்சைட் கிடைக்கும்; கூடவே அரை கிலோவுக்கு மேல் அம்மோனியாவும் வரும். கல்லைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அந்த அரை கிலோ எங்கே போனது என்று எழுதுவதே இல்லை. பி.எச். 9 இல் அதில் மூன்றில் ஒரு பங்கு, மீனைக் கொல்லும் வடிவத்திலேயே இருக்கும். இரணியல் பக்கம் ஒரு பட்டறைக்காரர் இப்படிக் குளத்து வாய்க்காலில் திறந்துவிட்டதைப் பார்த்தேன். மறுநாள் காலையில் கெண்டை முழுவதும் மேலே மிதந்தது. அந்தக் குளத்தில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குளிப்பார்கள். குளம் நிறைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா?

வடிநீரைத் தொட்டியில் பிடியுங்கள். மக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்த்தால் அம்மோனியத்தில் பெரும்பகுதி உரமாகவே அடியில் படியும். மிஞ்சும் நீரில் உப்பு இருக்கும், நன்றாக நீர்த்துத் தென்னைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தென்னை குளோரைடைத் தாங்கும், வாழை தாங்காது. கிணற்றடி மரத்துக்கு வேண்டாம். அப்புறம், வயலுக்கான மானிய யூரியாவை இதற்கு எடுப்பது குற்றம்; தொழில்துறை யூரியாவைப் பில்லோடு வாங்குங்கள்.