கம்பின் நீளம்: 160 செ.மீ. உயரத்துக்கு 182 செ.மீ. சரியா?

வணக்கம். உங்கள் உயரம் 160 செ.மீ., வாங்கிய கம்பு 182 செ.மீ. என்றும், சுழற்றும்போது அதன் முனை தரையில் இடிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். 182 செ.மீ. என்பது ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுத் தற்காப்புக் கலையில் பயன்படும் 'போ' என்னும் கம்புக்குரிய மரபான அளவு, அதாவது ஆறு ஷாக்கு (ஷாக்கு என்பது ஏறத்தாழ 30 செ.மீ. கொண்ட பழைய ஜப்பானிய நீள அளவு). குறையுள்ள கம்பு அல்ல, ஆனால் உடலை ஒட்டிச் சுழற்றப் பழகத் தொடங்கும் உங்களுக்கு அது நீளம் அதிகம் என்பதே என் கருத்து. வெறுங்காலில் நிமிர்ந்து நின்று பக்கத்தில் நிறுத்தினால் மேல்முனை புருவத்துக்கும் உச்சந்தலைக்கும் இடையில், அதாவது ஏறத்தாழ 150 முதல் 160 செ.மீ. வரை, வரும் கம்பே இப்போதைக்கு ஏற்றது.

அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள், நீங்கள் கற்கும் முறைக்கு 182 செ.மீ. கட்டாயமா என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். அறுப்பதானால், இரு முனைகளை நோக்கியும் மெலியும் கம்பில் ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் எடை மறுபக்கம் சாய்ந்துவிடும் என்பதால், இருபுறமும் சமமாகக் குறைத்து, நடுப்பகுதியை ஒரு விரலில் தாங்கிச் சமநிலையைப் பார்த்து, விளிம்புகளை உப்புத்தாளால் மழுங்கத் தேயுங்கள்.