வாசகர் கேள்வி: லண்டன் பப்பில் மதியச் சாப்பாடு

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் லண்டன் போகிறோம். விக்டோரியா காலத்துப் பப் ஒன்றில் மதியம் சாப்பிட ஆசை. போய் உட்கார்ந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்களாமே? எங்களில் இருவர் சைவம். ஒருவர் மது தொட மாட்டார்.

பதில்: பெரும்பாலான பப்களில் கேட்க மாட்டார்கள்தான். முதலில் மேஜையைப் பிடியுங்கள். அதில் எண் இருந்தால் பார்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் கவுன்டருக்குப் போகட்டும். எண்ணைப் பார்க்காமல் போனால், ‘எந்த மேஜை?’ என்று கேட்டதும் திரும்ப ஓடி வரவேண்டும். கவுன்டரில் வரிசை கிடையாது. ஆனால் தனக்கு முன்னால் வந்தவர் யார் என்று நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கை தட்டுவது, நோட்டை ஆட்டுவது எல்லாம் வேண்டாம். கண்ணில் படும்படி நின்றாலே போதும். காசு அங்கேயே, அப்போதே. ஆறு பேரும் தனித்தனியாகப் போய் வாங்கினால் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆளுக்கொரு ‘ரவுண்டு’, அதாவது ஒவ்வொரு முறையும் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து, வாங்குவதுதான் அங்கத்திய வழக்கம். கவுன்டரில் டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நேரம்தான் பலரும் ஏமாறுகிற இடம். பப் இரவு வரை திறந்திருக்கும். சமையலறையைப் பல இடங்களில் மதியம் இரண்டரை, மூன்றுக்கெல்லாம் மூடிவிடுவார்கள். 12 மணிக்கே போய்விடுங்கள். ஞாயிறு ரோஸ்ட் (வாட்டிய இறைச்சியோடு வரும் ஞாயிறு மதியச் சாப்பாடு) என்றால் முன்பதிவு இல்லாமல் ஆறு பேருக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

சைவக்காரர்கள் சிப்ஸையே (அங்கே அது விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) சந்தேகப்பட வேண்டும். மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பதுண்டு. சில இடங்களில் எண்ணெய்க்குப் பதில் மாட்டுக்கொழுப்பு. யார்க்‌ஷயர் புட்டிங்கில் (ரோஸ்டோடு வரும் உப்பிய மாவுப் பண்டம்) முட்டை இருக்கும். சீஸ் டோஸ்ட் போலத் தெரியும் வெல்ஷ் ரேர்பிட்டில் வூஸ்டர் சாஸ் விடுவார்கள். அதில் நெத்திலி வகை மீன் சேர்வது வழக்கம். ‘வெஜிடேரியனா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல் எண்ணெயையும், இறைச்சிச் சாறு கலந்திருக்கக்கூடிய கிரேவியையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மது வேண்டாதவருக்கு லைம் அண்ட் சோடா நல்லது. ‘சைடர்’ ஆப்பிள் ஜூஸ் அல்ல, அங்கே அது மதுவேதான்.

கேள்வி: படங்களில் பப்புக்குள் கண்ணாடித் தடுப்புகள் தெரிகின்றனவே, எதற்கு?

பதில்: ஒரே கூரையின் கீழ் கூலித் தொழிலாளியும் கனவானும் முகம் பார்க்காமல் குடிப்பதற்கு. லண்டனின் ஹை ஹோபர்ன் தெருவில் 1872-இல் கட்டி 1891-இல் உள்ளே புதுப்பித்த ‘பிரின்சஸ் லூயிஸ்’ பப்பில், பூவேலை செய்த கண்ணாடித் தடுப்புகளால் பிரித்த சின்னச் சின்ன அறைகளைப் பார்க்கலாம். ஆறு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும்! புளூம்ஸ்பரியின் ‘தி லேம்’ (The Lamb) பப்பில் இருப்பது இன்னொரு வகை: கவுன்டரின் மேல், முக உயரத்தில் சுழலும் கண்ணாடிப் பலகைகள். பெயர் ‘ஸ்னாப் ஸ்கிரீன்’ (snob screen). லேசாகத் திருப்பினால் கிளாஸ் வந்துவிடும். வாங்கியவர் முகம் ஊற்றித் தருபவருக்குக்கூடத் தெரியாது.

கேள்வி: பதினேழு வயது மகன் உடன் வருகிறான். பீர் குடிக்கலாமா?

பதில்: இங்கிலாந்துச் சட்டப்படி 16, 17 வயதுக்காரர்கள் பெரியவர் துணையோடு மேஜையில் சாப்பிடும்போது பீர், ஒயின், சைடர் குடிக்கலாம். வாங்குவது பெரியவராக இருக்க வேண்டும். சட்டம் விட்டாலும் பப்காரர் மறுக்கலாம். அது அவர் உரிமை.