ஜூலையில் சிவப்பு வைன் ஏன் தொண்டையை எரிக்கிறது?

கேள்வி: பிரான்சில் லியோன் நகரில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறோம். ஜனவரியில் நண்பர் வீட்டில் குடித்த ஒரு கோத் து ரோன் சிவப்பு வைன் எனக்கும் கணவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலேயே ஆறு பாட்டில் வாங்கி, சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருந்தோம். போன வாரம் விருந்தினர் வந்தபோது ஒன்றைத் திறந்தால், இருமல் மருந்து மாதிரி இருந்தது, தொண்டை எரிந்தது. கெட்டுப்போய்விட்டதா? சிவப்பு வைனை அறை வெப்பத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று படித்தேன், அப்படித்தான் கொடுத்தோம். வரும் 14ஆம் தேதி விடுமுறைக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். மீன் வறுவல் செய்யப்போகிறேன். வெயிலுக்கு என்ன வாங்கலாம்?

பதில்: கெட்டுப்போயிருக்கும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மீதி ஐந்து பாட்டில்களையும் முதலில் வெளியே எடுத்துப் பாருங்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பாகக் கசிந்திருக்கிறதா? அப்படி இருந்தால் வெப்பம் உள்ளே புகுந்து வேலை செய்திருக்கிறது. இல்லையென்றால் ஒன்றைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு திறந்து முகர்ந்து பாருங்கள். பழ வாசனை திரும்பியிருந்தால் வைனில் குறையில்லை, போன வாரம் சூடாகக் குடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். குளிர்ந்த பிறகும் காய்ச்சிய ஜாம், உலர்ந்த திராட்சை வாசனைதான் வருகிறது என்றால் அந்த பாட்டில் வெந்துவிட்டது. அதை மாட்டிறைச்சி, கோழி வேகவைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது வேறொரு அறையைப் பற்றிய பேச்சு. பிரெஞ்சில் 'ஷாம்ப்ரே' என்று ஒரு சொல் உண்டு. நிலவறையிலிருந்து எடுத்த வைனைச் சாப்பாட்டு அறையில் சற்று வைத்துக் குளிர் குறைப்பதற்கு அந்தப் பெயர். வெப்பமூட்டும் குழாய்கள் வராத காலத்துக் கல் வீடுகளில் அந்த அறை 16 முதல் 18 டிகிரிதான் இருந்திருக்கும். ஜூலையில் உங்கள் சமையலறை 30 டிகிரி. ஃப்ரிட்ஜ் தன் சூட்டையெல்லாம் பின்பக்கமாகக் கக்கும். அது மேலே ஏறி நேராக அந்த அலமாரிக்குள் போகும். வீட்டிலேயே வைனுக்கு ஆகாத இடம் அதுதான்.

சூடானால் வைனுக்கு என்ன ஆகிறது? ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, பழ வாசனையை முந்திக்கொண்டு மூக்கில் ஏறுகிறது. கோத் து ரோன் பெரும்பாலும் வருகிற தென் ரோன் பகுதியின் சிவப்பு வைன்கள் பலவற்றில் ஆல்கஹால் 14 சதவீதத்தையும் தாண்டும். 17 டிகிரியில் அது தெரியாது, உடலுக்குக் கதகதப்பாக இருக்கும். உங்களுக்கு ஜனவரியில் பிடித்துப்போனதும் அதனால்தான். 28 டிகிரியில் அதே வைன் எரிக்கிறது, புளிப்பு மழுங்கி வழவழவென்று ஆகிவிடுகிறது.

அதற்காக ஒரேயடியாகக் குளிர வைத்துவிடவும் கூடாது. குளிர் கூடக் கூட வாசனை அடங்கும், இனிப்பு குறைந்து தெரியும், துவர்ப்பு மட்டும் முன்னுக்கு வந்து நிற்கும். டானின் என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, வாழைப்பூவைப் பச்சையாக வாயில் போட்டால் நாக்கைப் பிடிக்கிற அதே துவர்ப்புதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. ஆகவே துவர்ப்பு அதிகமான கனத்த சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, துவர்ப்பு குறைந்த மெல்லிய சிவப்புக்கு 12 முதல் 14, வெள்ளைக்கும் ரோஸே என்கிற இளஞ்சிவப்பு வைனுக்கும் 8 முதல் 12, நுரைக்கும் வைனுக்கு 6 முதல் 8. கோடையில் என்ன வைன் வாங்குகிறோம் என்பதைவிட, எந்தக் குளிர்ச்சியில் ஊற்றுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ஐந்து யூரோ வைனைச் சரியாகக் குளிர்வித்துக் கொடுத்தால், வெதுவெதுப்பான இருபது யூரோ வைனைவிட நன்றாக இருக்கும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். நீங்கள் இருக்கிற ஊர் இதற்கு ஒரு வரம். லியோனுக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனாலே பொஜோலே மலைச்சரிவுகள் ஆரம்பித்துவிடும். காமே என்கிற திராட்சையின் நாடு அது. 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப் இந்தத் திராட்சையைத் தன் நிலங்களிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். பிநோ நுவார் என்கிற திராட்சைதான் உயர்ந்தது என்பது அவர் எண்ணம். விரட்டப்பட்ட காமே தெற்கே பொஜோலேயின் கருங்கல் மண்ணில் நிலைத்தது. அங்கே குலைகளை நசுக்காமல் முழுதாகவே மூடிய தொட்டியில் போட்டுப் புளிக்க வைக்கும் வழக்கம் உண்டு. பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குவதால் நிறமும் வாசனையும் இறங்கும், துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. அதனால்தான் குளிர வைத்தாலும் நாக்கைப் பிடிப்பதில்லை. சிவப்பு வைனைக் குளிர்வித்துக் கொடுப்பது தவறு என்று யாராவது சொன்னால் ஒரு ஃப்ளூரியையோ ப்ரூயியையோ 13 டிகிரியில் ஊற்றிக் கொடுங்கள், போதும். பொஜோலேயில் தனிப்பெயர் பெற்ற பத்து ஊர்களில் இவை இரண்டு. மோர்கோன், மூலான் ஆ வான் இரண்டும் சற்றுக் கனமானவை. அவற்றைக் குளிர்காலத்துக்கு வையுங்கள். நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் பொஜோலே நுவோவை ஜூலையில் யாராவது மலிவாகத் தள்ளிவிட்டால் வாங்க வேண்டாம். அது வந்தவுடன் குடிக்கிற சரக்கு.

ரோஸே பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வருகிற எட்டுப் பேரில் இருவராவது கொண்டுவருவார்கள். சிவப்பையும் வெள்ளையையும் கலந்து செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். புரோவென்ஸ் ரோஸே அப்படியில்லை. கருந்திராட்சையை உடனே பிழிந்தோ, தோலோடு சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டோ எடுப்பதால் வருகிற நிறம் அது. நிறம் வெளிறியிருப்பதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. பாட்டிலில் போட்டிருக்கிற அறுவடை வருடம் புதியதா என்று பார்த்து வாங்குங்கள். இங்கே பலர் ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு 'நீச்சல் குளம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரண ரோஸேவுக்குப் பரவாயில்லை. நல்லதாக இருந்தால் எனக்கு மனசு வராது. ஐஸ் பாட்டிலுக்கு வெளியே இருக்கட்டும்.

இனி மீன் வறுவல். மிளகாய் நாக்கில் எந்த உணர்விகளைச் சீண்டுகிறதோ அவற்றையேதான் ஆல்கஹாலும் சீண்டும். ஆக, 14 சதவீத சிவப்பும் நம்ம ஊர் மசாலாவும் சேர்ந்தால் காரம் இரட்டிப்பாகத் தெரியும். மீனோடு துவர்ப்பு சேர்ந்தால் சில சமயம் இரும்பு வாடையும் அடிக்கும். உங்கள் கோத் து ரோனை அன்றைக்கு மேசைக்குக் கொண்டுவரவே வேண்டாம். மசாலா மிதமாக, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிற வறுவல் என்றால் முஸ்காதே என்கிற வெள்ளை வைன் வாங்குங்கள். லுவார் ஆறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் விளைவது, இனிப்பில்லாதது, விலையும் குறைவு. அங்கத்திய மக்கள் சிப்பியோடு குடிக்கிறார்கள், எலுமிச்சை செய்கிற வேலையை அது செய்யும். மசாலா தூக்கலாக இருந்தால் அதே லுவார் ஆற்றங்கரையின் வூவ்ரே என்கிற வெள்ளை வைன். கடையில் 'டெமி செக்' என்று சொல்லிக் கேளுங்கள். லேசான இனிப்பு இருக்கும். அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும், அதிலுள்ள புளிப்பு திகட்ட விடாது. எனக்கு விட்டால் இதையே எடுப்பேன்.

சாப்பாடு முடிந்து பழம் வைக்கும்போது ஒரு க்ளேரெட் த தீ திறந்து பாருங்கள். லியோனுக்குத் தெற்கே ட்ரோம் மாவட்டத்தில் மஸ்கட் திராட்சையைப் பிரதானமாகக் கொண்டு செய்கிற நுரை வைன். ஆல்கஹால் 7 முதல் 9 சதவீதம்தான். முகர்ந்த உடனே ஊர் ஞாபகம் வரும். ஏனென்றால் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பத்துப் பிள்ளைதான்.

குளிர்விப்பதற்கு ஒரு வாளி போதும். பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸ் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், பாட்டிலைத் தொடாது. தண்ணீர் எல்லாப் பக்கமும் தொட்டு இருபத்தைந்து நிமிடத்தில் வெள்ளையைக் குளிர்வித்துவிடும். ஃப்ரிட்ஜில் இதற்கே மூன்று மணி நேரம் ஆகும். பொஜோலேவை வாளியில் பத்து நிமிடம் வைத்தால் போதும். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள். வைன் உறைந்தால் விரியும், கார்க் தள்ளும், நுரை வைன் என்றால் பாட்டிலே வெடிக்கும். கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், தீரத் தீர ஊற்றுங்கள். வெயிலில் கோப்பையில் நிற்கிற வைன் பத்து நிமிடத்தில் சூடேறிவிடும்.

குளிர்ந்த வெள்ளை வைன் பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போலச் சில படிகங்கள் தென்பட்டால் பயந்து கொட்டிவிடாதீர்கள். டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. நம் புளியின் புளிப்பும் பெரும்பாலும் அதே அமிலம்தான்.

அப்புறம், ஒவ்வொரு வைன் கோப்பைக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். வெயிலில் ஏற்கனவே உடம்பு காய்ந்திருக்கும், ஆல்கஹால் இன்னும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும். காரோட்டி வருபவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பிரான்சில் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமைத் தொட்டாலே குற்றம். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம், அதாவது ஒரு கோப்பைகூட ஆபத்து.

கடைசியாக, அந்தப் பாட்டில்கள். பிரெஞ்சு அடுக்ககங்கள் பலவற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே நிலவறையில் ஒரு சிறு அறை ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் 'காவ்' என்று இருக்கிறதா பாருங்கள். பழைய சைக்கிளும் பெட்டிகளும் கிடக்கிற இடமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளிச்சமில்லாமல், பெரிதாக ஏறி இறங்காத வெப்பத்தில் இருக்கும். சோதனை பாட்டில் நன்றாக இருந்தால் மீதி நான்கையும் இன்றைக்கே அங்கே படுக்க வையுங்கள். அது இல்லையென்றால் வடக்குப் பார்த்த அறையில், தரையோடு தரையாக, துணி அலமாரியின் அடியில். அக்டோபர் கடைசியில் முதல் குளிர் வந்ததும் ஒன்றை எடுத்துத் திறங்கள்.