டில்ட் டெஸ்ட்ல பல்ஸ் ஏறி அப்புறம் விழுந்தது பத்தி

சகோ, 22 வயசு தங்கச்சிக்கு டில்ட் டெஸ்ட்ல (மயக்கத்துக்குக் காரணம் பாக்க டேபிள்ல படுக்க வச்சு நிமித்துற டெஸ்ட்) டேபிளை 70 டிகிரி நிமித்தினதும் பல்ஸ் 76லருந்து 98 ஆகி, 18வது நிமிஷம் திடீர்னு 36க்கு விழுந்து மயங்கிட்டாங்க, ஹார்ட் வியாதியான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஏறுனது நார்மல்தான், நிக்கும்போது ரத்தம் கீழ எறங்கும், அதை ஈடுகட்ட ஹார்ட் வேகமா அடிக்கும். பத்து நிமிஷத்துக்குள்ள பல்ஸ் 30 துடிப்புக்கு மேல கூடி, பிபி விழாம அப்படியே நின்னிருந்தாதான் பாட்ஸ்னு (நிக்கும்போது பல்ஸ் அளவுக்கு மீறி ஏறுற கோளாறு) யோசிப்பாங்க. அப்புறம் விழுந்தது ஹார்ட் வேகத்தைக் குறைக்கிற வேகஸ் நரம்போட வேலை, வாசோவேகல் மயக்கம்னு சொல்றது, ஈசிஜி எக்கோ ரெண்டும் நார்மல்னா பெரும்பாலும் ஆபத்தில்ல. பிபி எப்ப விழுந்துச்சு, துடிப்பு 3 செகண்டுக்கு மேல நின்னுச்சான்னு டாக்டர்ட்ட கேளுங்க. பேஸ்மேக்கர்னு யாராவது கிளப்பிவிட்டா பயப்படாதீங்க, இந்த வயசுல அது அபூர்வம். தலை சுத்துனா உடனே படுக்கச் சொல்லுங்க, புடிச்சு உக்கார வைக்காதீங்க.